வாசகர் கேள்வி பதில்: அம்மா பிறந்த வீடு

தாயை இழந்தவர்கள் எழுதும் கடிதங்கள் அண்மைக் காலத்தில் மிகுதியாக வருகின்றன. அவற்றுள் குமரி மாவட்டத்து வாசகர்கள் அனுப்பிய ஆறு கேள்விகள் ஒன்றையொன்று தொட்டு நிற்பதால், இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்களைச் சற்றே சுருக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: என் தாயார் சென்ற சித்திரை மாதம் தமது 84ஆம் வயதில் காலமானார். ஆண்டு நினைவு நாளுக்கு ஒரு சிறு மலர் அச்சிட வேண்டுமென்று அண்ணன்மார் வரைவு தயாரித்து அனுப்பியிருக்கிறார்கள். அதில் அப்பாவின் குடும்பம் ஐந்து தலைமுறை வரை இரண்டு பக்கங்களுக்கு விரிகிறது. அம்மாவைப் பற்றி ‘அன்பின் திருவுருவம், பொறுமையின் சிகரம்’ என்று இரண்டே வரிகள் உள்ளன. அம்மாவைப் பெற்ற பாட்டியை எல்லோரும் ‘அம்மச்சி’ என்றே அழைத்ததால், அவருடைய பெயர்கூட எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கே தொடங்குவது, யாரிடம் என்ன கேட்பது? (வாசகி, தக்கலை)

பதில்: உங்கள் அண்ணன்மார் மீது கோபப்பட வேண்டாம். அவர்கள் கையில் கிடைத்த தாள்களை வைத்து எழுதியிருக்கிறார்கள். கோயில் வரிப் புத்தகம் தலைக்கட்டு எண்ணி ஆண்களின் பெயரில் எழுதப்பட்டது. நிலத்துக்குக் கரம் கட்டிய ரசீதுகளும் பெரும்பாலும் ஆண்களின் பெயரிலேயே இருக்கும். தாள்களை மட்டும் நம்பி எழுதினால் எந்தக் குடும்பத்திலும் அப்பாவின் வழிதான் நீளும். அம்மாவின் வழி பெரும்பாலும் பாத்திரங்களிலும், ஊர்க்காரர்கள் அழைத்த பெயர்களிலும், சில வயதான பெண்களின் நினைவிலும் தங்கியிருக்கிறது.

என் அம்மையின் தாய்வழியில் நான் அறிந்த மிகப் பழைய பெயர் எனக்குக் கிடைத்தது ஓர் உருளியின் விளிம்பில். வீட்டில் ஒரு கல்யாணத்துக்காகப் பரணிலிருந்து இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தபோது, கரி படிந்த விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள் தெரிந்தன. ஒரு பெண்ணின் பெயரும் 1104 என்ற எண்ணும் இருந்தன. 1104 என்பது திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டு. 1928, 1929ஆம் ஆண்டுகளில் விழும். ஆச்சியின் பெயர் கிடைத்துவிட்டது என்று நான் மகிழ்ந்திருக்க, என் மாமி அந்தப் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டு, அது ஆச்சியின் பெயர் அன்று, ஆச்சியைப் பெற்றவளின் பெயர் என்றார்கள். தன் பெயர் வெட்டி வாங்கிய உருளியையே அவள் மகளுக்குச் சீராகக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். ஒரு தலைமுறையைத் தேடப் போனவனுக்கு இரண்டு கிடைத்தன. எனவே, உங்கள் வீட்டுச் சருவம், செம்பு, குத்துவிளக்கின் அடிப்பாகம் ஆகியவற்றை முதலில் தேய்த்துப் பாருங்கள். அவற்றில் காணும் பெயர் யாருடையது என்பதை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு உறுதிசெய்த பிறகே எழுதுங்கள்.

யாரிடம் கேட்பது என்பதில் என் அனுபவம் சற்று வேறானது. அம்மா பிறந்த வீட்டைப் பற்றி மிகுதியாக அறிந்தவர் பல நேரங்களில் அந்த வீட்டில் பிறந்தவராக இருப்பதில்லை. அங்கே மருமகளாகப் புகுந்த மாமியாகத்தான் இருக்கிறார். பிறந்த வீட்டை யாரும் ஆராய்ந்து பார்ப்பதில்லை. புகுந்த வீட்டிலோ, எந்த நாளுக்கு என்ன படைப்பது, எந்த உறவினரோடு பேச்சுவார்த்தை இல்லை, எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று ஒவ்வொன்றையும் மாமியாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. உங்கள் தாய்மாமனின் மனைவி உயிரோடு இருந்தால், இந்த மாதத்திலேயே அவரைப் போய்ப் பாருங்கள்.

கேட்கும்போது ஆண்டுகளைக் கேட்காதீர்கள். ‘அம்மச்சிக்கு எப்போது கல்யாணம் ஆயிற்று’ என்று கேட்டால் ‘அதெல்லாம் யாருக்குத் தெரியும்’ என்பார்கள். மாறாக, ஊருக்கெல்லாம் பொதுவாக நடந்தவற்றை நட்டுவைத்த கற்களாகக் கொண்டு, அவற்றுக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். திருவிதாங்கூரில் கோயில்கள் எல்லாச் சாதியாருக்கும் திறந்துவிடப்பட்டது 1936 நவம்பர் 12 அன்று. இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் பர்மா அரிசி நின்றுபோய், வீடுதோறும் மரச்சீனிக் கிழங்கே சாப்பாடாக இருந்தது. நம் நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1 அன்று. திருவனந்தபுரத்திலிருந்து ரயில் வந்தது 1979இல். ‘கிழங்கு தின்ற காலத்தில் அம்மச்சி கையில் எந்தப் பிள்ளை இருந்தது’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும், அந்தப் பதிலோடு நீங்கள் கேட்காத வேறு பத்துச் செய்திகளும் வரும். உங்கள் தாயாருக்கு இணைப்பின்போது பதினைந்து, பதினாறு வயது இருந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் அவர் மலையாளம் படித்தாரா, தமிழ் படித்தாரா, இணைப்புக்குப் பின் படிப்பு தொடர்ந்ததா, நின்றதா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். மேற்குத் தாலுகாக்களில் அந்த வயதுப் பெண்கள் பலருடைய வாழ்க்கை அந்த இடத்தில்தான் திரும்பியது.

அம்மச்சியின் பெயர் கிடைக்காவிட்டாலும் அவருடைய ஊர் கிடைத்துவிடும். நம் பக்கத்தில் வந்த மருமகளைப் பெயர் சொல்லி யார் அழைத்தார்கள்? பெருவிளையிலிருந்து வந்தால் பெருவிளைக்காரி, கட்டயன்விளையிலிருந்து வந்தால் கட்டயன்விளைக்காரி. தெருவில் வயதான ஒருவர் உங்கள் அம்மச்சியை எப்படிக் குறிப்பிட்டார் என்று நினைவுகூர்ந்தால், அவர் பிறந்த விளை தெரியும்; அங்கே போய் இன்ன காலத்தில் இன்ன ஊருக்குக் கட்டிக்கொடுத்த பெண் யார் என்று விசாரித்தால் வீடு தெரியும்; வீடு தெரிந்தால் பெயர் தெரியும். ஒரு சனிக்கிழமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

கடைசியாக, அந்த இரண்டு வரிகள். ‘பொறுமையின் சிகரம்’ என்பதை நீக்கிவிட்டு, உங்கள் தாயார் எதைப் பொறுத்துக்கொண்டார் என்பதை எழுதுங்கள். அவர் எதற்குக் கோபப்பட்டார் என்பதையும் எழுதுங்கள். வாரியலைத் தலைகீழாகச் சாத்தினால் கோபமா, விருந்தாளி சாப்பிடாமல் எழுந்துபோனால் கோபமா? திருவுருவங்களும் சிகரங்களும் எல்லா நினைவு மலர்களிலும் உள்ளன. பெயரை மாற்றிவிட்டால் அவை எந்த அம்மாவுக்கும் பொருந்தும்.

கேள்வி: அம்மாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு கட்டு ஆவணங்கள் கிடைத்தன. சங்கு முத்திரை உள்ள தாள், மலையாள எழுத்து. எண்கள் மட்டும் புரிகின்றன. ஒன்றில் 1118 மகரம் என்று தேதியும், தொகை சக்கரக் கணக்கிலும் இருப்பதாகத் தெரிந்த ஒருவர் சொன்னார். இவற்றால் எங்களுக்குப் பயன் உண்டா? (வாசகர், அருமனை)

பதில்: உண்டு. கொல்லம் ஆண்டு நம்முடைய ஆவணி முதல் தேதியில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து மார்கழி நடுப்பகுதி வரை உள்ள தேதிக்கு 824ஐயும், ஆங்கில ஆண்டு மாறிய பின் வரும் தேதிக்கு 825ஐயும் கூட்டிக்கொள்ள வேண்டும். மலையாள மாதங்கள் நம் மாதங்களேதாம். சிங்கம் ஆவணி, துலாம் ஐப்பசி, மகரம் தை, மேடம் சித்திரை. ஆக 1118 மகரம் என்பது 1943 தை மாதம். சக்கரத்தைப் பொறுத்தவரை 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய்.

1943 தை என்றவுடன் எனக்குத் தோன்றுவது, அது அரிசித் தட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம் என்பது. அந்த நாளில் ஒரு குடும்பம் விளையை, அதாவது தோட்ட நிலத்தை, ஒற்றி வைத்ததா, விற்றதா, அல்லது மகளுக்கு இஷ்டதானமாக எழுதியதா என்பதை ஆவணமே சொல்லும். அதைவிட உங்களுக்கு வேண்டியது, அதில் ஆட்களைச் சுட்டியிருக்கும் முறை. பழைய ஆவணங்களில் ஒருவரை வெறும் பெயரால் சொல்வதில்லை. இன்ன பகுதியில், இன்ன வீட்டில், இன்னாருடைய மகள் என்று சொல்வார்கள். உங்கள் தாயாரின் முன்னோர் பெயர்கள் அந்த ஒரே வரியில் இரண்டு மூன்று கிடைக்கலாம். மருமக்கள்வழியைப் பின்பற்றிய குடும்பமாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அங்கே சொத்து தாய்வழியில் இறங்கியதால் பெண்களின் பெயர்கள் விடுபடாமல் வந்திருக்கும். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே இந்த முறை கொல்லம் 1101இல் வந்த சட்டத்தால் மாறத் தொடங்கியது. தந்தையின் சொத்தில் மனைவி மக்களுக்குக் கிடைத்த சிறு பங்குக்கு ‘உகந்துடைமை’ என்று பெயர். தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை மருமக்கள்வழி மான்மியத்தில் பாடியது இந்த வழக்கத்தால் கண்ணீர் விட்ட மனைவி மக்களைத்தான். தாய்வழிச் சொத்து என்றவுடன் பெண்கள் சுகமாக வாழ்ந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். குடும்பத் தலைவரான காரணவர் கையில்தான் சாவி இருந்தது.

வாசிப்பதற்கு ஆள் தேட நீங்கள் தொலைவு போக வேண்டியதில்லை. விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில் 1956க்கு முன் மலையாளப் பள்ளியில் படித்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒருவரை அமர்த்தி உரக்க வாசிக்கச் சொல்லி, செல்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். வாசிக்கும்போதே ‘இந்த வீட்டுக்காரனை எனக்குத் தெரியும்’ என்று அவர் கதை சொல்லத் தொடங்குவார், பதிவை நிறுத்திவிடாதீர்கள். இணைப்புக்கு முந்தைய திருவிதாங்கூர் அரசுப் பதிவுகளைத் தேட வேண்டி வந்தால், திருவனந்தபுரத்தில் கேரள அரசின் ஆவணக் காப்பகம் இருக்கிறது.

தாள்களைத் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள்; கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் இருபுறமும் படமெடுத்து, கட்டைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ஓலைச்சுவடி இருந்தால் எண்ணெய் பூசும் வேலையில் நீங்களே இறங்க வேண்டாம். அது பழகிய கைகளுக்கு உரியது.

கேள்வி: என் மாமியார் என்னைப் பெற்ற மகளாகவே நடத்தினார். அவர் கைப்பக்குவத்தை என் பிள்ளைகளுக்காக எழுதி வைக்க விரும்புகிறேன். ஆனால், அளவு கேட்டபோதெல்லாம் ‘கைக்கணக்குதான்’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முந்திரிக்கொத்து மட்டுமாவது சரியாக வர வேண்டும். (வாசகி, பூதப்பாண்டி)

பதில்: கைக்கணக்கு என்பது அளவில்லாத கணக்கு அன்று, அளவுகள் அவருடைய பாத்திரத்தில் இருந்தன. அவர் பயன்படுத்திய நாழி, உரி, உழக்கு வீட்டில் இருந்தால், ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரப்பி, மருந்துக் கடையில் கிடைக்கும் அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து, இத்தனை மில்லிலிட்டர் என்று எழுதி வையுங்கள். இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி என்பது வாய்பாடு; ஆனால், நாழி ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வேறுபடும் என்பதால் உங்கள் மாமியாரின் நாழியை அளந்தால்தான் அவருடைய சமையல் வரும். அவர் தேங்காய் துருவிய சிரட்டையையும் கரண்டியையும்கூட விட்டுவிடாதீர்கள்.

முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்புக்கு இடமில்லை என்பதை வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சிறுபயற்றை வாசம் வரும்வரை வறுத்துத் தோல் நீக்கி, திரித்து, வறுத்த தேங்காய்த் துருவலோடு சேர்த்துக் கருப்பட்டிப் பாகிலோ சர்க்கரைப் பாகிலோ பிடித்து, சிறு உருண்டைகளாக்கி, மஞ்சள் கலந்த அரிசிமாவுக் கரைசலில் தோய்த்து எண்ணெயில் பொரிப்பார்கள். மூன்று உருண்டைகள் கொத்தாக ஒட்டிக்கொண்டு வெந்தால்தான் அது கொத்து. தீபாவளிக்குச் சில வீடுகளிலும் கிறிஸ்துமஸுக்குச் சில வீடுகளிலும் கடவம் நிறையச் சுட்டு உறவினர் வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவது இதுதான். உங்களுக்கு இது வராமற்போவதற்குப் பெரும்பாலும் காரணம் பாகு. பாகு இளகினால் உருண்டை எண்ணெயில் பிரிந்துவிடும், முற்றினால் கல்லாகிவிடும். மாமியார் பாகைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாரா, விரலால் தொட்டுப் பார்த்தாரா, அல்லது கொதிக்கும் சத்தத்தைக் கேட்டே இறக்கினாரா என்பதை உங்கள் கணவரின் தங்கைகளோடு சேர்ந்து நினைவுகூருங்கள். ஒரு நாள் அனைவரும் கூடிச் சுட்டுப் பார்த்து, கெட்டுப்போன முதல் ஈட்டைப் பற்றியும் எழுதுங்கள். எது எப்படித் தவறும் என்று எழுதாத சமையல் குறிப்பை நான் நம்புவதில்லை.

உங்கள் தாலுகாவில் ஆடிச் செவ்வாய்க்கிழமைகளில் ஔவையாரம்மனுக்குக் கொழுக்கட்டை அவித்துப் படைப்பார்கள். மாமியார் அதில் யாரோடு போனார், எந்த அடுப்பு அவருடையது, அந்தக் கூட்டத்தில் இப்போது மிஞ்சியிருப்பவர் யார் என்பதையும் அதே நோட்டில் குறித்துவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கும் அவருடைய தாய்வீட்டுக்கும் ஒரு பாகப்பிரிவினைத் தகராறில் இருபது ஆண்டுகள் போக்குவரத்து இல்லாமல் இருந்தது. குடும்ப வரலாற்றில் இதை எழுதலாமா? (வாசகர், குளச்சல்)

பதில்: எழுதலாம். ஆனால், யார் சரி, யார் தவறு என்ற தீர்ப்பை எழுத வேண்டாம். நீங்கள் கேட்டது ஒரு தரப்பை மட்டுமே. ‘இன்ன ஆண்டிலிருந்து இன்ன ஆண்டு வரை அம்மா தாய்வீட்டுக்குப் போகவில்லை’ என்ற ஒரு வாக்கியம் போதும். அந்த ஆண்டுகளில் உங்கள் தாயார் அண்ணன் வீட்டுத் தென்னைமரத்தைப் பேருந்து சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது உங்களுக்கு நினைவிருந்தால், அதையும் எழுதுங்கள். மாமன் மக்கள் இப்போது உங்களோடு பேசுகிறார்கள் என்றால், அச்சுக்குப் போகும் முன் அவர்களிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் அம்மாவின் குடும்பத்தில் பாதிப்பேர் கிறிஸ்தவச் சபைக்காரர்கள், பாதிப்பேர் அய்யா வைகுண்டரை வழிபடச் சாமிதோப்புப் பதிக்குப் போகிறவர்கள். நாங்கள் சபையைச் சேர்ந்தவர்கள். நம் பக்கத்தை மட்டும் எழுதினால் போதும் என்கிறார் தம்பி. (வாசகி, மயிலாடி)

பதில்: தம்பி சொல்வதுபோல் செய்தால் உங்கள் அம்மாவின் குடும்பம் பாதியிலிருந்துதான் தொடங்கும். கிறிஸ்தவ மறைப்பணியாளர் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது 1806இல். அய்யா வைகுண்டர் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வெளிப்பட்டதாக அன்பர்கள் கொண்டாடும் நாள் கொல்லம் 1008 மாசி 20, அதாவது 1833. இரண்டுக்கும் நடுவே வெறும் 27 ஆண்டுகள். ஒரே வீட்டின் அண்ணன் ஒரு வழியிலும் தம்பி மற்றொரு வழியிலும் போனது அந்தக் காலத்து வாழ்வின் நெருக்கடியால்தான். பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பின் 1859இல்தான் அரசு இறங்கிவந்து அறிக்கை வெளியிட்டது. உங்கள் தாயாரிலிருந்து பின்னோக்கி மூன்று அல்லது நான்கு தலைமுறை போனால் அந்தப் பெண்கள் நிற்கிறார்கள். அவர்கள் இரு பக்கத்தாருக்கும் பொதுவானவர்கள்.

நடைமுறையில் ஒன்று. சபையின் ஞானஸ்நான ஏட்டில் தேடும்போது பழைய பெயரைச் சொன்னால் கிடைக்காமல் போகலாம், ஏனென்றால் ஞானஸ்நானத்தில் புதுப் பெயர் வைத்திருப்பார்கள். தகப்பனார் பெயரையும் உத்தேச ஆண்டையும் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். மாறாத பழைய பெயர்களைச் சாமிதோப்புப் பக்கத்து உறவினர்கள்தாம் சொல்ல முடியும் என்பதால், அவர்களை விட்டுவிட்டு உங்களால் உங்கள் பக்கத்தையே முழுமையாக எழுத முடியாது என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மாவிடமிருந்து வந்த வாட்ஸ்அப் குரல் செய்திகள் என் செல்பேசியில் இருக்கின்றன. இன்னும் கேட்கத் துணிவு வரவில்லை. என்ன செய்வது? (வாசகர், கருங்கல்)

பதில்: இப்போது கேட்க வேண்டாம். ஆனால், செல்பேசி பழுதானாலோ மாற்றினாலோ அவை போய்விடும். எனவே, கேட்காமலேயே அந்த உரையாடலை ஏற்றுமதி செய்து, ஒரு பிரதியைக் கணினியிலும் இன்னொன்றை உங்கள் சகோதரியிடமும் வைத்துவிடுங்கள். ‘மக்களே, சாப்பிட்டியா, இங்க நல்ல மழை’ என்பதைத் தவிர அவற்றில் வேறொன்றும் இல்லாமல் இருக்கலாம். அதையும் அழிக்காதீர்கள்.